பட்டாளத்துக் குடும்பங்களின் பணக் கேள்விகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் ராணுவத்தில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டில் உள்ளவர்களும் அனுப்பிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். வேலூர், திருவண்ணாமலை, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவை அதிகம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை. பட்டாளத்தில் கிளார்க்காக வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகளில் பலவற்றை மேஜைக்கு எதிரே நின்றவர்கள் ஏற்கெனவே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

என் கணவர் நாயக். லடாக்கில் இருக்கிறார். மாதம் 35,000 ரூபாய் அனுப்புகிறார், வீட்டுச் செலவு போக மிச்சம் பிடித்து 3 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். என் கொழுந்தனார் ஒரு நிதி நிறுவனத்தில் லட்சத்துக்கு மாதம் 4,000 வட்டி தருகிறார்கள், தெருவில் பாதிப்பேர் போட்டிருக்கிறார்கள் என்கிறார். கணவரிடம் கேட்கலாம் என்றால் ஃபோன் கிடைப்பதில்லை. போடலாமா? — ஒரு வாசகி, கே.வி.குப்பம்

போடாதீர்கள் அம்மா. லட்சத்துக்கு மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48 சதவீதம். வங்கி தரும் டெபாசிட் வட்டியைப் போல ஆறேழு மடங்கு இது. அந்த அளவுக்கு வருடா வருடம் சம்பாதித்துக் கொடுக்கும் நேர்மையான தொழில் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் அவர்கள் வங்கியில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தொழிலை நடத்துவார்களே தவிர உங்கள் 3 லட்சத்துக்காக ஏஜென்ட் வைத்துத் தெருத்தெருவாக வரமாட்டார்கள். முதல் சில மாதம் வட்டி ஒழுங்காக வரும். அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போட்ட பணம். ஆள் சேர்வது குறையும் மாதத்தில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும்.

உங்கள் மாவட்டத்துக்கு இதை வெளியிலிருந்து யாரும் சொல்லவே வேண்டியதில்லை. 2022ல் வேலூர், காட்பாடி, காஞ்சிபுரம் என்று வரிசையாக நிதி நிறுவனங்கள் கவிழ்ந்தபோது பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க நின்றவர்களில் எத்தனையோ பேர் பென்ஷன் பணத்தையும் கம்யூட்டேஷன் பணத்தையும் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கும் தொகை) மொத்தமாகப் போட்டவர்கள். பட்டாளத்துக் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் மாதா மாதம் பணம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏஜென்ட்டுக்கும் தெரியும். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், சொத்தை முடக்கி ஏலம் விடவும் அதில் வழி உண்டு. ஆனால் அந்த வழியில் பணம் திரும்பி வர ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். கொழுந்தனார் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். "அவர் லீவில் வரட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், உறவும் கெடாது. ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சாசெட்' இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் அங்கேயே கொடுக்கலாம்.

சரி, 3 லட்சத்தை என்ன செய்வது? அதில் ஒரு லட்சத்தை அவசரத்துக்கென்று உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் விட்டுவிடுங்கள். உங்கள் பெயரில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கணவர் முன்னணி போஸ்ட்டில் இருக்கும்போது சிக்னல் இருக்காது, ஓ.டி.பி. அவர் நம்பருக்குப் போகும், இங்கே ஆஸ்பத்திரியில் பணம் கட்ட முடியாமல் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். இப்படி ஒன்றல்ல, பல கதை கேட்டிருக்கிறேன். சம்பளக் கணக்கை ஜாயின்ட்டாக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றிக்கொள்ளலாம். அல்லது சம்பளம் ஏறிய மறுநாள் உங்கள் கணக்குக்குத் தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

மீதி 2 லட்சத்துக்கு தபால் நிலையம் போங்கள். பத்து வயதுக்குக் கீழே பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம், இதை எழுதும்போது 8.2 சதவீதம், அரசு நேரடியாகத் தருவதில் இதற்கு மேல் எதுவும் இல்லை, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். பெண் குழந்தை இல்லை என்றால் ஐந்து வருட தேசிய சேமிப்புப் பத்திரம், 7.7. சீட்டுப் போட ஆசை இருந்தால் போடுங்கள், நம் ஊரில் சீட்டு பல குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் 1982ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா, அந்தக் குரூப்புக்குப் பதிவாளர் கொடுத்த உத்தரவு நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கேள்வியே வேண்டாம், வந்துவிடுங்கள்.

நான் அக்னிவீர், முதல் பேட்ச். நாலு வருடம் முடியப் போகிறது. சேவா நிதி 11 லட்சத்துக்கு மேல் வரும் என்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய 3 லட்சம் கடனை அடைக்கச் சொல்லி அப்பா கேட்கிறார். நண்பன் சேர்ந்து ஜிம் வைக்கலாம் என்கிறான். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. — தேனி மாவட்டம்

தம்பி, முதலில் அந்தப் பணம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம், உங்கள் அப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000, அப்புறம் 33,000, 36,500, 40,000. ஒவ்வொரு மாதமும் இதில் 30 சதவீதத்தைப் பிடித்து வைத்தார்கள், முதல் வருடம் 9,000, கடைசி வருடம் 12,000. நாலு வருடத்தில் உங்கள் பங்கு 5 லட்சத்து 2 ஆயிரம் சொச்சம். அதே அளவு அரசும் போட்டு, வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம் என்பது கணக்கு. இதற்கு வருமான வரி கிடையாது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. நாலு வருடம் முடிந்ததும் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளும் 25 சதவீதம் பேருக்குள் நீங்கள் வந்தால் உங்கள் கைக்கு வருவது உங்கள் பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான், அரசின் பங்கு வராது. அதனால் 11 லட்சம் வரும் என்று இப்போதே யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள், அதை நம்பிக் கடனும் வாங்காதீர்கள்.

அக்கா கல்யாணக் கடன் என்ன வட்டிக்கு வாங்கியது என்று எழுதவில்லை. ஊர் வழக்கப்படி ரெண்டு வட்டியாக இருந்தால் வருடத்துக்கு 24 சதவீதம். 3 லட்சத்துக்கு மாதம் 6,000 வட்டியாகவே போய்க்கொண்டிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது. எந்த முதலீட்டிலும் உறுதியாக 24 சதவீதம் கிடைக்காது, எனவே அப்பா சொல்வது பாசத்துக்காக மட்டுமல்ல, கணக்குப்படியும் சரி. பணம் வந்த வாரத்தில் அடைத்துவிட்டு, கொடுத்திருந்த பத்திரத்தையோ புரோநோட்டையோ கையோடு திரும்ப வாங்குங்கள். சொந்தக்காரரிடம் வாங்கியது, வட்டியே இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

ஜிம் பற்றிச் சொல்கிறேன். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வெளியே வந்த முதல் வருடத்தில் வேண்டாம். உங்களுக்கு இப்போது இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் இருக்கும். துணை ராணுவப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் இருக்கிறது, போலீஸ் தேர்வும் இருக்கிறது. இதற்குத் தயாராக ஒரு வருடம் வேண்டும், அந்த ஒரு வருடச் செலவுக்கு வீட்டை எதிர்பார்க்காமல் இருக்க இரண்டு லட்சத்தை எடுத்து வையுங்கள். வெளியே வந்த பிறகு உங்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, இசிஎச்எஸ் மருத்துவ வசதி இல்லை, பணியில் இருந்தவரை இருந்த 48 லட்சம் இன்ஷூரன்ஸும் வெளியே வந்த அன்றோடு முடிகிறது. இதையெல்லாம் இனி நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் முதல் மாதமே உங்களுக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுங்கள், அப்பா அம்மாவுக்கு வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும், சர்க்கரை வந்த பிறகு கம்பெனிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

மிச்சத்தைத் தபால் நிலைய டெபாசிட்டில் ஒரு வருடம் தூங்க விடுங்கள். வேலை கிடைத்ததா இல்லையா என்று தெரிந்த பிறகு ஜிம்மைப் பற்றி நண்பனோடு உட்கார்ந்து பேசலாம், அப்போதும் கூட்டுத் தொழில் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுத்தான்.

லீவில் வரும்போதெல்லாம் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் (அவர் என் மாமா) வரி மிச்சமாகும் என்று பாலிசி போடச் சொல்கிறார். ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மூன்றாவது போடலாமா? — ஒரு சிப்பாய், சிவகங்கை மாவட்டம்

உங்களுக்கு வரியே இல்லை. புதிய வரி முறையில் 2025–26 நிதியாண்டிலிருந்து சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை, சிப்பாயின் சம்பளம் அதற்கு வெகு கீழே. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? மாமாவிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், ஏஜிஐ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அது ராணுவத்தின் குழுக் காப்பீடு, நீங்கள் இல்லாமல் போனால் குடும்பத்துக்குப் போகும் பெரிய தொகை, உயிரோடு ஓய்வு பெற்றால் முதிர்வுத் தொகையும் உண்டு. சம்பளக் கணக்கு ராணுவத்தினருக்கான சிறப்புப் பேக்கேஜில் இருந்தால் விபத்துக் காப்பீடும் இலவசமாக இருக்கும். அது இருக்கிறதா, எவ்வளவு என்று வங்கியில் கேட்டு எழுத்தில் வாங்கி வீட்டில் கொடுத்து வையுங்கள், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் கேட்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு. இதற்கும் மேல் காப்பு வேண்டும் என்றால் டெர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல் உயிர்க்காப்பு மட்டும் தருவது) எடுக்கலாம், விண்ணப்பத்தில் ராணுவத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதி, போர், எல்லைப் பணி பற்றி என்ன விலக்கு போட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சேமிப்பும் காப்பும் சேர்ந்த பாலிசிதான் வேண்டும் என்று மனசு கேட்டால் யூனிட் தபால் நிலையத்திலேயே தபால் ஆயுள் காப்பீடு கிடைக்கும். 1884ல் தொடங்கிய அரசுத் திட்டம், பிரீமியம் குறைவு.

சேமிக்க வேண்டும் என்றால் ஏ.எஃப்.பி.பி. ஃபண்டில், அதாவது ராணுவத்தினரின் வருங்கால வைப்பு நிதியில், பிடிக்கும் தொகையை ஏற்றிக் கொள்ளுங்கள். அதிகாரிகளுக்கு டிசாப் என்ற வைப்பு நிதி எப்படியோ ஜவான்களுக்கு இது அப்படி. இப்போது 7.1 சதவீதம், வருடத்துக்கு 5 லட்சம் வரை போடுவதற்கு வட்டியிலும் வரி இல்லை, ஏஜென்ட் கமிஷனும் இல்லை. கட்டாயம் பிடிப்பது அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவீதம்தான், பலர் அதையே இருபது வருடமும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கம்பெனி கிளார்க்கிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் கூடுதலாகப் பிடிப்பார்கள். கைக்கு வராத பணம் செலவாகாது, இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை அகவிலைப்படி ஏறும்போதும் ஏறியதில் பாதியை ஃபண்டுக்குத் தள்ளிவிடுங்கள், வீட்டில் யாருக்கும் குறைந்ததாகவே தெரியாது.

பழைய இரண்டு பாலிசிகளை அவசரப்பட்டு சரண்டர் செய்ய வேண்டாம். எத்தனை வருடம் கட்டியாகிவிட்டது, இப்போது நிறுத்தினால் எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

தம்பி சியாச்சினில் இருக்கிறான். கூடுதலாக மாதம் 30,000 வருகிறதாம். ராணுவக் கேன்டீன் விலையில் கார் எடுக்கலாம், ஈ.எம்.ஐ. அதிலேயே கட்டிவிடலாம் என்கிறான். நல்ல யோசனைதானே? — ஆரணி

இல்லை. சியாச்சின் படி ஜவானுக்கு மாதம் 30,000 என்று 2017ல் நிர்ணயித்தது உண்மை, அந்தப் பனியில் நிற்பவனுக்கு அது ஒன்றும் அதிகமும் இல்லை. ஆனால் அங்கே நிற்கும் மாதங்களுக்குத்தான் அது வரும். ஈ.எம்.ஐ. ஏழு வருடம் வரும். 7 லட்சம் கடனை 9 சதவீத வட்டிக்கு ஏழு வருடத்துக்கு வாங்கினால் மாதம் 11,260 ரூபாய் பக்கம், மொத்தம் கட்டுவது 9.46 லட்சம். தம்பி எல்லையை விட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு (அமைதிப் பகுதிக்கு) வந்ததும் படி நின்றுவிடும், தவணை நிற்காது. கேன்டீனில் விலை குறைவு என்பதும் நிஜம்தான், வரிச் சலுகை இருக்கிறது. ஆனால் வருடத்தில் பத்து மாதம் வாசலில் கவர் போட்டு நிற்கப் போகிற காருக்கு எவ்வளவு சலுகை கிடைத்தாலும் செலவு செலவுதான். பேட்டரி இறங்கும், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும், அவன் பெயரைச் சொல்லி ஊரே இரவல் கேட்கும்.

கடினப் பகுதியில் வரும் படிகளை வீட்டுச் செலவோடு சேர்க்காமல் வைப்பதுதான் முக்கியம். அந்த மாதங்களில் வந்த கூடுதல் பணம் அப்படியே தனியாக ஒரு ஆர்.டி.யிலோ ஃபண்டிலோ போகட்டும். இரண்டு மூன்று ஃபீல்டு போஸ்டிங் முடியும்போது கடனே இல்லாமல் கார் எடுக்கும் அளவுக்குச் சேர்ந்திருக்கும், அப்போது அவனுக்கு விருப்பம் இருந்தால் எடுக்கட்டும்.

நான் ஹவில்தார். அடுத்த வருடம் பென்ஷனில் வருகிறேன், வயது 43. கம்யூட்டேஷன் 50 சதவீதமும் எடுத்துவிடு என்று ஒருவர், எடுக்கவே எடுக்காதே என்று இன்னொருவர். மொத்தமாக வரும் பணத்தில் வீடு கட்டலாம் என்றிருக்கிறேன். — திருவண்ணாமலை மாவட்டம்

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எடுக்கும் முடிவு பதினைந்து வருடம் உங்களோடு வரும்.

முதலில் ஒரு உதாரணக் கணக்கு. உங்கள் கடைசி அடிப்படைச் சம்பளமும் மிலிட்டரி சர்வீஸ் பே 5,200ம் சேர்ந்து 50,000 என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் பாதி, 25,000. அதன் மேல் அகவிலை நிவாரணம் தனி. இந்த 25,000ல் பாதி வரை, அதாவது 12,500 வரை, நீங்கள் விற்கலாம். உங்கள் வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் சுமார் 9. அப்படியென்றால் 12,500 × 12 × 9, கைக்கு வருவது 13.5 லட்சம், வரி இல்லாமல். பதிலுக்குப் பதினைந்து வருடம் மாதம் 12,500 பிடிப்பார்கள், மொத்தம் 22.5 லட்சம். பதினைந்து வருடம் முடிந்ததும் முழு பென்ஷன் திரும்ப வரும்.

13.5 வாங்கி 22.5 கட்டுவதா என்று சிலர் பதறுவார்கள். வட்டியாக மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஏழரை சதவீதத்துக்கு வாங்கிய கடன் மாதிரி. பெர்சனல் லோனை விட மலிவு. அதோடு இரண்டு நல்ல அம்சம் உண்டு. அகவிலை நிவாரணத்தை எப்போதும் முழு 25,000க்குத்தான் கணக்கிடுவார்கள், குறைத்த பென்ஷனுக்கு அல்ல. அப்புறம், பதினைந்து வருடத்துக்குள் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாக்கியை யாரிடமும் வசூலிக்க மாட்டார்கள், மனைவிக்கு வரும் குடும்ப பென்ஷனில் கை வைக்க மாட்டார்கள்.

எனவே என் கருத்து இதுதான்: பணத்துக்கு உறுதியான வேலை இருந்தால் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு பெர்சனல் லோன், நகைக்கடன் ஓடிக்கொண்டிருந்தால் எடுத்து அடையுங்கள். வீடு கட்ட எப்படியும் வங்கிக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் எடுக்கலாம். சும்மா சேமிப்புக் கணக்கில் மூன்று சதவீதத்துக்கும் கீழே போட்டு வைக்க எடுக்காதீர்கள். மச்சான் தொழிலுக்குக் கொடுக்க எடுக்கவே எடுக்காதீர்கள். 50 என்பது உச்சவரம்புதான், 30ம் எடுக்கலாம், 20ம் எடுக்கலாம், இதை ஏனோ ஃபாரம் நிரப்பும்போது யாரும் சொல்வதில்லை.

வீட்டைப் பற்றி: கிராஜுவிட்டி, ஃபண்டு, ஏஜிஐ முதிர்வு, லீவு சம்பளம், கம்யூட்டேஷன் எல்லாம் கொஞ்ச நாள் இடைவெளியில் வந்து இறங்கும்போது பாஸ்புக்கில் இதுவரை பார்க்காத தொகை நிற்கும். அதைப் பார்த்து மேஸ்திரியும் பெரிய பிளானாகப் போடுவார், ஒரு மாடி இரண்டு மாடி ஆகும். முழுப் பணத்தையும் செங்கலில் போட்டுவிட்டு, பிள்ளை காலேஜ் சேரும் வருடம் நகையை அடகு வைத்தவர்களைத் தெரியும். வரும் மொத்தத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று இப்போதே மனைவியும் நீங்களும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். உங்களுக்கு 43 வயது, பிள்ளைகளின் படிப்புச் செலவே இனிமேல்தான் வரப் போகிறது. பிரதமர் உதவித்தொகைத் திட்டத்தில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் படிப்புக்கு மகனுக்கு மாதம் 2,500, மகளுக்கு 3,000 கிடைக்கும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மீதியை எங்கே வைப்பது? தபால் நிலைய மாத வருமானத் திட்டம் ஒருவர் பெயரில் 9 லட்சம், ஜாயின்ட்டாக 15 லட்சம் வரை. இப்போது 7.4 சதவீதம், 9 லட்சம் போட்டால் மாதம் 5,550 வரும். கம்யூட்டேஷனால் குறைந்த பென்ஷனில் ஒரு பகுதியை இது நிரப்பும். ஐம்பது வயது ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம், மற்றவர்களுக்கு அறுபது, ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஐம்பதிலேயே உண்டு. பல தபால் நிலையங்களில் கவுன்ட்டரில் இருப்பவருக்கே இது தெரியாது, விதியைக் காட்டிக் கேளுங்கள். 8.2 சதவீதம், 30 லட்சம் வரை. ஏழு வருடம் தள்ளி ஒரு பகுதியை அங்கே மாற்றும்படி இப்போதே திட்டமிடலாம்.

இசிஎச்எஸ்ஸுக்கு ஹவில்தார் வரை 30,000 ஒரே தடவை பிடிப்பார்கள், அதைக் கணக்கில் வையுங்கள். இன்னொன்று, உங்கள் காலத்துக்குப் பிறகு மனைவிக்குச் சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்தான், மேலே சொன்ன உதாரணத்தில் 15,000. முதல் சில வருடம் கூடுதலாக வரும், அப்புறம் இந்த அளவுக்கு இறங்கும். அதனால் டெபாசிட்டுகளில் சிலதையாவது முழுக்க மனைவி பெயரில் போடுங்கள்.

லீவு முடிய இரண்டு வாரம் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் மனை வந்திருக்கிறது, இப்போது அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் போய்விடும் என்கிறார் புரோக்கர். — ஒரு லான்ஸ் நாயக், ராமநாதபுரம் மாவட்டம்

போகட்டும் விடுங்கள். லீவு என்றைக்கு முடிகிறது என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி அவசரப்படுத்துவது புரோக்கர்களுக்குப் பழக்கம். வருடத்துக்கு அறுபது நாள் லீவில் பத்திரம் பார்த்து, சர்வேயர் வைத்து அளந்து, பதிவு செய்வது சாத்தியம்தான். இரண்டு வாரத்தில் அது நடக்காது.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே பார்க்கலாம், பணம் கட்டத் தேவையில்லை. முப்பது வருடத்துக்குப் பாருங்கள். மூலப் பத்திரம், பட்டா யார் பெயரில் இருக்கிறது, லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறதா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் என்ன என்றும் பாருங்கள். 2016க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவதில் எவ்வளவு சிக்கல் வந்தது என்று உங்கள் ஊரிலேயே கேட்டால் சொல்வார்கள். நகல்களை வாங்கி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத வக்கீல் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த லீவுக்குள் அவர் கருத்து வந்துவிடும். நீங்கள் இல்லாதபோது பதிவு நடக்க வேண்டும் என்றால் பவரை மனைவிக்கோ அப்பாவுக்கோ அந்த ஒரு மனைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். புரோக்கருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே கூடாது.

யூனிட்டில் சில பையன்கள் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறார்கள். நானும் லோன் எடுத்து ஆரம்பிக்கலாமா? — பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் இந்த வகை வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், சராசரி நஷ்டம் ஆளுக்கு 2 லட்சம் பக்கம். டியூட்டியில் துப்பாக்கி பிடிக்கிறவர் மனசு ஃபோன் திரையில் இருக்கக்கூடாது என்பது என் பெரிய கவலை. ஏற்கெனவே லோன் எடுத்துத் தோற்றிருந்தால் மறைக்காதீர்கள், சுபேதார் சாகிப்பிடமோ கம்பெனி கமாண்டரிடமோ போய்ச் சொல்லுங்கள், திட்டுவார்கள், அப்புறம் உதவுவார்கள். பங்குச் சந்தைதான் வேண்டும் என்றால் இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கும் ஃபண்டு) மாதம் ஆயிரம் இரண்டாயிரம் போட்டுப் பத்து வருடம் தொடாமல் விடுங்கள்.

என் ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தோடு பெயர் இருக்கிறது. கணவரின் ராணுவப் பதிவில் கணவர் பெயரைச் சேர்த்து வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாவது குழந்தையின் பெயர் பதிவில் ஏறியதா என்றே தெரியவில்லை. இதெல்லாம் முக்கியமா? — திருப்பத்தூர் மாவட்டம்

ரொம்ப முக்கியம் சகோதரி. இந்த இதழில் மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாவற்றுக்கும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று போடுவார்கள், அது ரெக்கார்டு ஆபீஸுக்குப் போய்ப் பதிவாகும். குடும்ப பென்ஷன், பிள்ளைகளின் படிப்புச் சலுகை, இசிஎச்எஸ் கார்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். நம் ஊர் வழக்கத்தில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். வட இந்தியக் கிளார்க் அந்த எழுத்தை விரித்து ஒரு மாதிரி எழுதுவார், பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. கணவர் பணியில் இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு விண்ணப்பமும் ஒரு பிரமாணப் பத்திரமும் சில வாரக் காத்திருப்பும்தான். அவர் வெளியே வந்த பிறகு, அதுவும் அவர் இல்லாத காலத்தில், நீங்கள் தனியாக ரெக்கார்டு ஆபீஸ்கள் இருக்கும் வெலிங்டனுக்கும் பெங்களூருக்கும் கடிதம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இப்போது பென்ஷன் முழுக்க 'ஸ்பார்ஷ்' என்ற இணைய முறைக்கு வந்துவிட்டது, பெயரில் ஓர் எழுத்தோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் கணினி ஏற்காது.

அடுத்த லீவுக்கு முன்னால் கணவரிடம் சொல்லி உங்கள் பெயர், பிறந்த தேதி, இரண்டு குழந்தைகளின் விவரம் பதிவில் எப்படி இருக்கிறது என்று கம்பெனி கிளார்க்கிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள், பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும் சேர்த்து. பதிவில் இருப்பது தவறா, ஆதாரில் இருப்பது தவறா என்று பார்த்து, எதை மாற்றுவது சுலபமோ அதை மாற்றுங்கள். பல நேரம் ஆதாரை மாற்றுவதுதான் சுலபம், ஆனால் பள்ளிச் சான்றிதழுக்கு எதிராக மாற்றிவிடாதீர்கள். ஏஜிஐ, ஏ.எஃப்.பி.பி., வங்கிக் கணக்கு, தபால் நிலையப் பத்திரம் எல்லாவற்றிலும் நாமினியாக உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு நாமினியாக அம்மா பெயரே இன்னமும் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றிய ஒவ்வொன்றின் நகலிலும் ஒன்று கணவரிடம், ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.